கண்ணாடி ஏறாவிட்டால் உடனே மோட்டரில் கை வைக்காதீர்கள்

காரின் பவர் விண்டோ, அதாவது சுவிட்சை அழுத்த ஏறி இறங்கும் கதவுக் கண்ணாடி, நின்றவுடன் "மோட்டர் போச்சு" என்று சொல்லிக் கதவைக் கழற்றுவதுதான் பெரிய பிழை. கதவுக்குள் இருப்பது 12 வோல்ட் மோட்டர், அதன் வேர்ம் கியர், கண்ணாடியைத் தூக்கும் றெகுலேற்றர். மின்சாரம் ஒரு பக்கம் ஓடினால் கண்ணாடி ஏறும், மறுபக்கம் ஓடினால் இறங்கும். அந்தத் திசையை மாற்றிக்கொடுப்பது சுவிட்ச். திருகோணமலைக் கடற்கரையில் நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் கண்ணாடியை அரைவாசி இறக்கி நிறுத்தும் வண்டிகளில் உப்புக்காற்று நேரே படுவதும் அந்தச் சுவிட்சில்தான்.

ஆயுதமே இல்லாத சோதனை ஒன்று: இரவில் உள் லைற்றைப் போட்டுவிட்டு சுவிட்சை அழுத்துங்கள். லைற் சற்று மங்கினால் மோட்டருக்குக் கரண்ட் போகிறது. கண்ணாடியோ றெகுலேற்றரோ இறுகியிருக்கலாம், மோட்டரும் சிக்கியிருக்கலாம். லைற் அசையவே இல்லையென்றால் பியூஸ், சுவிட்ச், வயர் என்று தேடுங்கள். அதற்கும் முன், டிரைவர் பக்கத்து விண்டோ லொக் பட்டன் அழுத்தியபடி இருக்கிறதா என்று ஒருதரம் பாருங்கள்.

இடப்பக்கக் கண்ணாடி வேலை செய்யாவிட்டால் இடப்பக்க சுவிட்சை மாற்றுவது அடுத்த பிழை. சாதாரண நிலையில் மோட்டரின் இரண்டு வயர்களும் எர்த்தில் (பற்றரியின் மைனஸ் பக்கத்தில்) இருக்கும். சுவிட்சை அழுத்தும்போது ஒன்றுக்கு மட்டும் பற்றரிக் கரண்ட் வரும், மற்றது எர்த்திலேயே நிற்கும். பல யப்பான் வண்டிகளில் அந்த எர்த் டிரைவர் கதவின் மாஸ்டர் சுவிட்ச் வழியாகத்தான் போகிறது. ஆகவே நீங்கள் தொடாத மாஸ்டர் சுவிட்சில் ஒரு செப்புத்தகடு பச்சை பூத்திருந்தாலும் இடப்பக்கக் கண்ணாடி நின்றுவிடும். பற்றரியைக் கழற்றிவிட்டு, கொன்ராக்ட் கிளீனர் அடித்துப் பஞ்சால் துடையுங்கள். மண்கடதாசி போட்டுத் தேய்த்தால் மேற்பூச்சு போய், முன்னதைவிட வேகமாகக் கறுக்கும்.

கதவைக் கொஞ்சம் திறந்தால் மட்டும் கண்ணாடி வேலை செய்கிறதா? கதவுக்கும் வண்டியின் பொடிக்கும் (உடலுக்கும்) இடையிலுள்ள றப்பர் குழாய்க்குள் வயர் முறிந்திருக்கும். ஒவ்வொரு முறையும் கதவோடு மடிந்து மடிந்து செம்பு அறும். மேலுறை அப்படியே இருக்கும். இங்கே வோல்ட் அளக்கும் மல்ரிமீற்றரை நம்பி ஏமாறுவோர் பலர். ஒரே ஒரு இழை மிஞ்சியிருந்தாலும் 12 வோல்ட் காட்டும், ஆனால் மோட்டரைச் சுற்றப் போதாது. 21 வாற் பிரேக் பல்பை மோட்டர் பிளக்கில் கொடுத்துப் பாருங்கள். மங்கலாக எரிந்தால் வழியில் எங்கோ பழுது. முறிந்த இடத்தை முறுக்கி ரேப் சுற்றினால் அடுத்த மாரிக்குள் உப்பு ஏறிவிடும். ஈயம் வைத்து ஒட்டி, சூட்டில் சுருங்கும் குழாய் போடுங்கள். ஒட்டு மடியும் இடத்தில் வரக்கூடாது.

பியூஸ் அடிக்கடி போகிறது என்று பெரிய பியூஸ் போடவே கூடாது. 20 அம்பியர் இருந்த இடத்தில் 30 போட்டால் வயர்தான் பியூஸாகும்.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் கண்ணாடி ஓடும் றப்பரில் மண் நிறையும். அதற்குக் கிறீஸோ தேங்காயெண்ணெயோ பூசினால் மண்ணும் எண்ணெயும் சேர்ந்து பசையாகும். என்ஜின் ஒயில் றப்பரையே ஊதவைக்கும். ஈரத்துணியால் துடைத்து, காய்ந்த பின் சிலிக்கோன் ஸ்பிரே அடித்தால் போதும். கிறீஸ் றெகுலேற்றரின் தண்டவாளத்துக்கு மட்டும். இறுகிய கண்ணாடியைத் திரும்பத் திரும்ப அழுத்தி ஏற்றினால் மோட்டர் சூடேறி, உள்ளிருக்கும் பாதுகாப்பு அதை நிறுத்திவிடும். சில நிமிடம் ஆறவிட்டால் மீண்டும் ஓடும். அதைப் பழுதென்று எண்ணிக் காசை வீணாக்காதீர்கள்.

கதவைக் கழற்றத்தான் வேண்டுமென்றால், முதலில் கண்ணாடியை மேலே ரேப் போட்டு நிறுத்துங்கள். கத்தரிக்கோல் வடிவ றெகுலேற்றரில் முறுக்கிய ஸ்பிறிங் இருக்கும். அதன் பற்தகட்டைக் கிளாம்ப் போட்டுப் பிடிக்காமல் மோட்டரைக் கழற்றினால் றெகுலேற்றரின் இரும்புக் கைகள் திடீரென விசிறி உங்கள் விரலை வெட்டும். உள்ளே ஒட்டியிருந்த பிளாஸ்ரிக் தாளைக் கிழித்து எறிந்தால் மழைத்தண்ணீர் சீற் பக்கம் இறங்கும். கதவின் அடிவிளிம்புத் துளைகளில் கடற்கரை மண் அடைத்திருந்தால் கம்பியால் குத்தி எடுங்கள். இல்லாவிட்டால் கதவுக்குள் தண்ணீர் தேங்கும்.

பற்றரியைத் திரும்பக் கொழுவிய பின் சுவிட்சை ஒரே தட்டுத் தட்டினால் கண்ணாடி தானாக முழுதாக ஏறும் ஓட்டோ வசதி வேலை செய்யாவிட்டால் பயப்பட ஒன்றுமில்லை. பல வண்டிகளில் கண்ணாடியை முழுதாக ஏற்றிய பின்னும் சுவிட்சை ஓரிரு விநாடி பிடித்திருந்தால் சரிவரும். சரியான முறை வண்டிப் புத்தகத்தில் இருக்கும். தடை பட்டால் கண்ணாடி திரும்பி இறங்குகிறதா என்று பார்க்கச் சுருட்டிய துவாயை வையுங்கள், கையை வைக்காதீர்கள்.