கடல் டிரவுட்டின் செதிலில் வயது பார்ப்பது: ஏப்ரல் மீனுக்கான செய்முறை

வேல்ஸின் டவி, டைவி ஆறுகளில் வசந்த காலத்தில் இரண்டு வகை கடல் டிரவுட் (ஆற்றில் பிறந்து, கடலில் வளர்ந்து, முட்டையிட ஆற்றுக்குத் திரும்பும் மீன்) தூண்டிலில் சிக்கும். முட்டையிட்டு, குளிர்காலத்தை ஆற்றில் கழித்து, இளைத்துப்போய்க் கடலுக்குத் திரும்பும் 'கெல்ட்' ஒன்று. கடலிலிருந்து புதிதாக ஏறிவரும் பளபளப்பான பெரிய மீன் இன்னொன்று. கடல் பேன் (மீன் உடம்பில் ஒட்டி வாழும் சிறு ஒட்டுண்ணி) ஒட்டியிருந்தால் ஆற்றுக்கு வந்து சில நாள்தான் ஆகியிருக்கும். ஆய்வுக்கு இரண்டின் செதிலும் தேவை. ஐரிஷ் கடலைச் சுற்றி நடந்த கெல்டிக் சீ டிரவுட் ஆய்வுத் திட்டத்துக்குத் தூண்டிற்காரர்களும் செதில் கொடுத்தார்கள். உங்கள் ஆற்றில் அப்படியொரு திட்டம் இருந்தால் அதில் சேர்ந்த பிறகே எடுங்கள்.

எடுக்கும் இடம்

மீன் தண்ணீருக்குள், வலையிலேயே இருக்கட்டும். முடிச்சில்லாத ரப்பர் வலைதான் நல்லது. நைலான் முடிச்சு வலை செதிலையும் துடுப்பையும் கிழித்துவிடும். கையை நனைத்துக்கொள்ளுங்கள்.

முதுகுத் துடுப்பின் பின்முனையிலிருந்து குதத் துடுப்பின் முன்முனைக்கு ஒரு சாய்கோடு போடுங்கள். அந்தக் கோட்டில், பக்கக்கோட்டுக்கு (மீனின் பக்கவாட்டில் தலையிலிருந்து வால் வரை ஓடும் கோடு) மேலே மூன்று முதல் ஆறு செதில் வரிசைக்குள் எடுக்க வேண்டும். குஞ்சு மீனுக்குச் செதில் முதலில் முளைப்பது இந்தப் பகுதியில்தான். வேறு இடத்துச் செதில் தாமதமாக முளைப்பதால் முதல் குளிர்காலம் அதில் பதியாமலே போகலாம். பக்கக்கோட்டுச் செதிலில் நடுவே குழாய் ஓடும், அது உதவாது.

மழுங்கிய கத்தியின் முதுகால் வழவழப்பை வால் பக்கமாக ஒருமுறை வழித்துவிடுங்கள். பிறகு வாலிலிருந்து தலை நோக்கி மெல்லச் சுரண்டினால் ஐந்தாறு செதில் வரும், அது போதும். அடுத்த மீனுக்கு முன் கத்தியைக் கழுவுங்கள். ஒட்டிக்கொண்ட ஒரே ஒரு செதில் இரண்டு மீனின் கணக்கையும் கெடுத்துவிடும்.

உறை

காகித உறைதான். பிளாஸ்டிக்கில் போட்டால் பூஞ்சை பிடிக்கும். தேதி, ஆறு, மூக்கிலிருந்து வால் கவை வரை நீளம், கெல்ட்டா புது மீனா என்பதைப் பென்சிலால் எழுதுங்கள். ஈரம் பட்டால் பேனா மை கரையும்.

படிப்பது

பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு கலந்த தண்ணீரில் ஊறவைத்து, விரலால் தேய்த்து, இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே வையுங்கள். பழைய மைக்ரோஃபிஷ் ரீடர் (நுண்படச் சுருக்கங்களைத் திரையில் பெரிதாக்கிக் காட்டும் கருவி) கிடைத்தால் விடாதீர்கள். முழுச் செதிலும் ஒரே பார்வையில் தெரிவதால், எனக்கு மைக்ரோஸ்கோப்பைவிட அதுதான் பிடிக்கும்.

நடுவில் வளையமே இல்லாமல் வெறுமையாக இருந்தால், அது உதிர்ந்த இடத்தில் மறுபடி முளைத்த செதில். ஒதுக்கிவிடுங்கள். நல்ல செதிலில் ஆற்று வாழ்க்கை நெருக்கமான வளையங்களாகவும், கடல் வாழ்க்கை அகன்ற வளையங்களாகவும் தெரியும். வளையங்கள் நெருங்கி, செதிலைச் சுற்றிப் பட்டையாக ஓடினால் அது ஒரு குளிர்காலம். ஆற்றில் இரண்டு, கடலில் ஒன்று என்றால் 2.1 என்று எழுதுவார்கள்.

ஏப்ரல் மீனில் பலரும் ஒரு வருடம் குறைத்து எண்ணுவது விளிம்பில்தான். கடைசிக் குளிர்காலப் பட்டை விளிம்போடு ஒட்டியிருக்கும். அதற்கு வெளியே புது வளர்ச்சி இன்னும் தொடங்கியிருக்காது. அதை வெறும் ஓரம் என்று விட்டுவிடுவார்கள். கெல்ட்டில் இன்னும் சிக்கல்: முட்டையிடும் காலத்தில் விளிம்பே அரித்துப்போயிருக்கும், அந்தப் பட்டையும் கூடவே போயிருக்கலாம். கடலுக்குப் போய் மறுபடி வளரும்போதுதான் அந்த அரிப்பு முட்டையிட்ட தழும்பாகச் செதிலுக்குள் பதியும். ஆகவே உறையில் தேதியும் 'கெல்ட்' என்ற சொல்லும் இல்லாத ஏப்ரல் செதிலின் வயதை நம்ப முடியாது.

பின்சேர்க்கை: செதிலைச் செல்போனில் படமெடுப்பதானால் வெளிச்சம் கீழிருந்து வரட்டும். மேலிருந்து ஃபிளாஷ் அடித்தால் விளிம்பு வளையங்கள்தான் முதலில் மறையும்.