பேட்டரி 0% காட்டிய ஹேக்கின்டோஷ்: என் அனுபவம்

ஆப்பிள் தயாரிக்காத என் பழைய லேப்டாப்பில் ஓப்பன்கோர் என்ற பூட்லோடர் வழியாக ஆப்பிளின் மேக் ஓஎஸ் போட்டேன் (இப்படிச் செய்த கணினிதான் ஹேக்கின்டோஷ்). வைஃபை, ஒலி எல்லாம் ஓடியது. பேட்டரி ஐகான் மட்டும் 0%-லேயே உட்கார்ந்திருந்தது. சார்ஜரைப் பிடுங்கினாலும் அசையவில்லை.

முதலில் கெக்ஸ்ட் (மேக் ஓஎஸ்ஸுக்கான டிரைவர் போன்ற துணை நிரல்) வரிசையைப் பார்த்தேன். ஓப்பன்கோரின் கான்ஃபிக் ஃபைலில் மற்ற கெக்ஸ்ட்களுக்கு அடிப்படையான லிலு, அடுத்து மேக்கின் எஸ்எம்சி சிப்பைப் போல நடிக்கும் விர்ச்சுவல்எஸ்எம்சி, அதற்கப்புறம்தான் பேட்டரி நிலையைக் காட்டும் எஸ்எம்சிபேட்டரிமேனேஜர் வர வேண்டும். அதெல்லாம் சரியாகவே இருந்தது.

சிக்கல் டிஎஸ்டிடியில், அதாவது லேப்டாப்பின் வன்பொருளை ஓஎஸ்ஸுக்கு விவரிக்கும் பயாஸ் அட்டவணையில். லேப்டாப்பின் எம்பெடட் கன்ட்ரோலர் (பேட்டரி போன்றவற்றைக் கவனிக்கும் சிப்) பேட்டரியின் கொள்ளளவு, வோல்டேஜ் போன்றவற்றை 16 பிட் ஃபீல்டுகளில் வைத்திருக்கிறது. மேக் ஓஎஸ் அந்த இடத்தில் ஒரு நேரத்தில் 8 பிட்தான் வாசிக்கும். அதனால் ஒவ்வொரு ஃபீல்டையும் இரண்டாக உடைத்து, வாசிக்கும் இடத்தில் மறுபடி ஒட்டவைக்க வேண்டும். மாசிஏஎஸ்எல் என்ற டிஎஸ்டிடி எடிட்டரில் உட்கார்ந்து இரண்டு ராத்திரி அதைத்தான் செய்தேன். ஒன்றை உடைத்தால் வேறெங்கோ பிழை முளைக்கும். வெறுத்தே போச்சு!

கடைசியில் ஈசிஎனேபிளர் என்ற கெக்ஸ்ட் கண்ணில் பட்டது. பெரிய ஃபீல்டுகளையும் அதுவே வாசிக்க வைத்துவிடும். உடைக்கிற வேலையே இல்லை. என் அரைகுறை பேட்ச்களைத் தூக்கிவிட்டு, இதைக் கெக்ஸ்ட்ஸ் ஃபோல்டரில் போட்டு, கான்ஃபிக்கிலும் சேர்த்து ரீஸ்டார்ட் செய்தேன். 73% என்று வந்தது. சார்ஜரைப் பிடுங்கினேன், கொஞ்ச நேரத்தில் 72.