பெண்ணிய வழக்கறிஞர் ஒருவரின் பணிவாழ்வை எழுதுவது எப்படி: பாலி மர்ரியை முன்வைத்து

பெண்ணுரிமைக்காகவும் குடிமைச் சுதந்திரத்துக்காகவும் வாதாடி, நூல்களும் எழுதிய ஒரு வழக்கறிஞரின் வாழ்வை எழுத முனைவோர், பெரும்பாலும் அவர் வென்ற வழக்குகளைத் தொகுப்பதிலிருந்தே தொடங்குகிறார்கள். அவ்வழியே சென்றால் ஆப்பிரிக்க-அமெரிக்க வழக்கறிஞர் பாலி மர்ரி (1910–1985) நம் கையில் அகப்படவே மாட்டார். வழக்குப் பட்டியலைச் சற்று ஒதுக்கிவைத்துவிட்டு, ஒரு வாதம் முதலில் எங்கே எழுதப்பட்டது, யார் கைக்குப் போனது, எப்போது நீதிமன்றம் ஏறியது என்று தடம் பிடிக்க வேண்டும்.

மாணவப் பருவ எழுத்திலிருந்து தொடங்குங்கள். ஹோவர்ட் பல்கலைக்கழகச் சட்டப் பள்ளியில் தம் வகுப்பின் ஒரே பெண்ணாகப் படித்து, 1944இல் முதலிடத்தில் தேறிய மர்ரி, இனப் பிரிவினைக்கு ஒப்புதல் தந்த 1896ஆம் ஆண்டின் பிளெஸ்ஸி தீர்ப்பை நேரடியாகவே தாக்கி வீழ்த்த வேண்டும் என்று வகுப்பில் வாதிட்டார். இருபத்தைந்து ஆண்டுகளுக்குள் அது வீழும் என்று பேராசிரியர் ஸ்பாட்ஸ்வுட் ராபின்சனிடம் 10 டாலர் பந்தயமும் கட்டினார். அவர் எழுதிய கட்டுரையை அதே ராபின்சன் பின்னர் எடுத்துப் படித்து, பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று 1954இல் தீர்ப்பான பிரவுன் வழக்குக்கான தயாரிப்பில் பயன்படுத்திக்கொண்டார். ஒரு வாதம் எழுதப்பட்ட ஆண்டையும் பயன்பட்ட ஆண்டையும் இரண்டு பத்திகளாக அருகருகே குறித்துக்கொண்டால், அவற்றுக்கு இடைப்பட்ட காலமே உங்கள் கதையின் முதுகெலும்பு என்பது தெரியவரும்.

அடுத்து, நீதிமன்றத்தில் தாக்கலான எழுத்துபூர்வ வாதங்களை முகப்பிலிருந்து அடிக்குறிப்பு வரை பொறுமையாகப் படியுங்கள். இதுதான் அதிக நேரம் கேட்கும் வேலை. பலன் மிகுந்ததும் இதுவே. வழக்கறிஞர் மேரி ஈஸ்ட்வுட்டுடன் சேர்ந்து 1965இல் வெளியிட்ட சட்டக் கட்டுரையில், இனப் பாகுபாட்டுக்கு எதிராகப் பயன்பட்ட 14ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தைப் பாலினப் பாகுபாட்டுக்கு எதிராகவும் திருப்ப முடியும் என்று மர்ரி காட்டினார். மறு ஆண்டே, அலபாமாவில் பெண்களை ஜூரிகளாக ஏற்காத சட்டத்துக்கு எதிரான வைட் வழக்கில், குடிமைச் சுதந்திர அமைப்பான ஏ.சி.எல்.யூ.வின் சார்பில் வழக்கறிஞர் டாரதி கென்யனும் மர்ரியும் பணியாற்றினார்கள். கூட்டாட்சி நீதிமன்றம் அச்சட்டத்தை ரத்து செய்தது. 1971இல் ரீட் வழக்கின் எழுத்து வாதத்தைத் தயாரித்தவரும் பின்னாளில் உச்ச நீதிமன்ற நீதிபதியானவருமான ரூத் பேடர் கின்ஸ்பர்க், அதை எழுதுவதில் நேரடியாகப் பங்கெடுக்காத மர்ரி, கென்யன் இருவரின் பெயர்களையும் முகப்பில் சேர்த்தார். தீர்ப்பை மட்டும் படிப்பவருக்கு இந்த நன்றிக்கடன் கண்ணில் படாது. பாலின அடிப்படையிலான ஒரு சட்டத்தை அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த 14ஆவது திருத்தத்தின் சமப் பாதுகாப்புப் பிரிவின்கீழ் முதன்முறையாக ரத்து செய்தது அந்த வழக்கில்தான்.

நூல்களைப் பின்னிணைப்பில் தள்ளிவிடாதீர்கள். மாநிலங்களின் இனச் சட்டங்களைத் திரட்டி அவர் 1951இல் வெளியிட்ட பெருந்தொகுப்பு, பிரிவினையை எதிர்த்த வழக்கறிஞர்களுக்குக் கைநூலாக விளங்கியது. தம் குடும்ப வரலாற்றை அவர் 1956இல் தனி நூலாகவே தந்தார்.

மூடிய கதவுகளை எழுதும்போது, அதற்குப் பின் அவர் என்ன செய்தார் என்பதையும் சேர்த்தே எழுதுங்கள். மேற்படிப்புக்கு ஹார்வர்ட் சட்டப் பள்ளி பெண் என்பதால் இடம் மறுத்தபோது, அவர் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகம் சென்று முதுநிலைப் பட்டம் பெற்றார். இனமும் பாலினமும் சேர்ந்து அழுத்தும் இத்தகைய தடைகளுக்கு, தென்மாநிலங்களின் 'ஜிம் குரோ' இனச் சட்டங்களை ஒட்டி, 'ஜேன் குரோ' என்று பெயரிட்டார். அவருடைய கடிதங்களும் நாட்குறிப்புகளும் இன்று ஹார்வர்டின் ஷ்லெசிங்கர் நூலகத்தில்தான் இருக்கின்றன. தம்மைப் பெண் என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடக்க முடியாமல் அவர் பட்ட வேதனையும் அவற்றில் பதிவாகியுள்ளது. அதை மறைக்கவும் வேண்டாம், நம் காலத்துப் பெயரொன்றை அவர்மீது ஒட்டவும் வேண்டாம். 'அவர்' என்ற தமிழ்ச் சொல் இந்த இடத்தில் நமக்குக் கைகொடுக்கிறது.

எழுதி முடித்த பின், 'முதல்' என்ற சொல் வரும் இடங்களையெல்லாம் மீண்டும் சரிபாருங்கள். 1965இல் யேல் பல்கலைக்கழகத்தின் சட்ட முனைவர் பட்டத்தைப் பெற்ற முதல் ஆப்பிரிக்க-அமெரிக்கர், 1977இல் எபிஸ்கோபல் திருச்சபையில் குருப்பட்டம் பெற்ற முதல் ஆப்பிரிக்க-அமெரிக்கப் பெண் என்று, ஆண்டும் அமைப்பும் பட்டமும் பிசகாமல் ஒவ்வொன்றையும் முழுமையாகக் குறிப்பிட வேண்டும்.