காலேஜில் பெரிய விபத்து நடந்தால் யாரிடம், எப்படி எழுதிக் கொடுப்பது?

போன வருடம் எங்கள் துறை ஆய்வகத்தைச் சுத்தம் செய்யும் கான்ட்ராக்ட் அக்காவின் காலில் ஆசிட் கொட்டிவிட்டது. பேப்பர் வேலைக்கு அவருடன் நான்தான் அலைந்தேன். கொங்குப் பக்கம் பல்கலைக்கழகங்களில் வேலை பார்ப்பவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

1. ஆளைப் பாருங்கள்
ஆசிட் பட்ட இடத்தை ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் கழுவுங்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

2. ஆஸ்பத்திரியில் சொல்லும் முதல் வாக்கியம்
இதைப் பொறுமையாகப் படியுங்கள். கோவை ஜிஎச் ஆனாலும் பெருந்துறை ஆனாலும், கேஷுவாலிட்டியில் "என்னாச்சுங்க?" என்று கேட்டு, சொல்வதை ஏஆர் புத்தகத்தில், அதாவது விபத்துப் பதிவேட்டில், எழுதுவார்கள். கூட வந்த சூப்பர்வைசர் முந்திக்கொண்டு, "வீட்டுல பாத்ரூம் கழுவும்போது கொட்டிடுச்சுங்க" என்றார். வலியிலும் அக்கா விடவில்லை: "இல்லீங்க டாக்டர், லேப்லதானுங்க." அந்த ஒரு வரிதான் அவரைக் காப்பாற்றியது.

காரணம் இதுதான். இஎஸ்ஐ-யில் (தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடு) வேலையில் பட்ட காயம் என்றால், வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் 90 சதவீதம் கிடைக்கும். இத்தனை நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை. நிரந்தர ஊனம் என்றால் மாதாமாதம் பணம் உண்டு. வெறும் உடம்பு சரியில்லை என்று போனால் 70 சதவீதம்தான், சந்தா கணக்கும் பார்ப்பார்கள். "வீட்டில் நடந்தது" என்று ஒருமுறை எழுதிவிட்டால் மாற்றுவது பெரும்பாடு. ஆகவே இடம், நேரம், என்ன வேலை என்பதை அடிபட்டவரே சொல்லட்டும். ஏஆர் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

3. படம் எடுங்கள்
பாட்டில், லேபிள், தரை, கையுறை இருந்ததா என்பது வரை எடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் மட்டும் போதாது. அது படத்தைச் சுருக்கி, எடுத்த நேர விவரத்தையும் நீக்கிவிடும். அசல் படம் போனிலேயே இருக்கட்டும்.

4. அன்றைக்கே கடிதம்
துறைத்தலைவருக்கும் பதிவாளருக்கும் மெயில் அனுப்புங்கள். நகல் உங்கள் சொந்த மெயிலுக்கும் போகட்டும், ஆபீஸ் மெயிலை எப்போது வேண்டுமானாலும் மூடிவிடலாம். அதோடு தாளிலும் எழுதித் தபால் பிரிவில் சீல் வாங்குங்கள். என்னைக் கேட்டால் சீல் போட்ட தாளுக்கு ஈடு எதுவும் கிடையாது.

"அஜாக்கிரதையால் நடந்தது" என்று எழுதாதீர்கள். அது தீர்ப்பு. "காலை 10.20-க்கு இரண்டாவது அலமாரியில் இருந்த மூடி தளர்ந்த பாட்டில் சாய்ந்தது, பார்த்தவர்கள் இன்னார்" என்று கண்ணால் கண்டதை மட்டும் எழுதுங்கள்.

5. இஎஸ்ஐ-க்குத் தகவல்
விபத்து அறிக்கையை ஆன்லைனில் அனுப்ப வேண்டியது முதலாளி. உயிருக்கோ உறுப்புக்கோ ஆபத்து என்றால் உடனே அனுப்ப வேண்டும். அதன் நகலைக் கேட்டு வாங்குங்கள். "அவங்க கான்ட்ராக்ட் ஆள், எங்களுக்குச் சம்பந்தமில்லை" என்று சொன்னால் ஏற்காதீர்கள்; சட்டத்தின் கண்ணில், கான்ட்ராக்ட் ஆளுக்கும் பொறுப்பான "முதன்மை முதலாளி" வேலை வாங்கும் நிறுவனம்தான். இழுத்தடித்தால் சீல் வாங்கிய கடிதத்தோடு நேரே இஎஸ்ஐ கிளை அலுவலகத்துக்குப் போங்கள்.

பின்சேர்க்கை 1: ஏஆர் நகல் தர மறுக்கிறார்கள் என்று ஈரோட்டிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். அரசு ஆஸ்பத்திரி என்றால் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு போடுங்கள், 30 நாளில் பதில் வர வேண்டும். போலீஸில் புகார் கொடுத்தால் சிஎஸ்ஆர் ரசீது (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சீட்டு) வாங்காமல் திரும்பாதீர்கள்.

பின்சேர்க்கை 2: பாலியல் தொல்லைக்கும் இதே வழியா என்று ஒரு தங்கை கேட்டார். இல்லைம்மா, அது வேறு. பணியிடப் பாலியல் தொல்லைத் தடுப்புக்கான 2013 சட்டப்படி, இந்தப் புகார்களை விசாரிக்கும் உங்கள் நிறுவனத்தின் உள்ளகக் குழுவிடம் 3 மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் குழு இன்னும் 3 மாதம் நீட்டித் தரலாம். எழுத முடியாத நிலையில் இருந்தால், எழுத உதவ வேண்டியதும் குழுவின் கடமை. துறைத்தலைவர் வழியாகத்தான் வர வேண்டும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், நேராகக் குழுவிடமே கொடுக்கலாம்.