எங்கள் வட்டாரத்துக்கு யார்? புள்ளடி போடுமுன் நான் பார்ப்பவை

வீட்டு விறாந்தையில் தையல் மெஷினைப் போட்டுக்கொண்டு இருபது வருடமாக இருக்கிறேன். திருகோணமலையில் எங்கள் ஒழுங்கைக்குள் வாக்குக் கேட்டு வருகிற எவரும் என் படலையைத் தாண்டித்தான் போக வேண்டும். 2018 பெப்ரவரி உள்ளூராட்சி சபைத் தேர்தலுக்கு வந்தார்கள், 2025 மே மாதத் தேர்தலுக்கும் வந்தார்கள். முதல்முறை நான் பிழையான ஆளுக்குப் போட்டேன். அவர் கெட்ட மனிதர் இல்லை. ஒழுங்கை முடிகிற இடத்தில் பெரிய வீதியின் கீழே தண்ணீர் போகிற போக்கை உடைத்துப் பெரிதாக்கித் தருவேன் என்றார். நம்பினேன். வென்றார். நான்கு மாரி வந்து போனது, தண்ணீர் ஒவ்வொரு மாரியிலும் குசினி வாசல் வரைக்கும் வந்தது. பிறகுதான் விசாரித்தேன்: அந்த வீதியே சபைக்கு உரியது இல்லை, வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு உரியது. அவருக்கும் அது தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

அக்காவின் மகள் அடுத்த முறைதான் முதன்முதலாக வாக்களிக்கப் போகிறாள். "சித்தி, நீங்க எப்படி முடிவெடுக்கிறனீங்க?" என்று கேட்டாள். அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் வாக்குச்சீட்டு. இதில் பலர் தடுமாறுகிறார்கள். பாராளுமன்றத் தேர்தல்போல் விருப்பு இலக்கம் இதில் கிடையாது. வேட்பாளரின் பெயரும் சீட்டில் இருக்காது. கட்சி அல்லது சுயேச்சைக்குழுவின் பெயரும் சின்னமும் மட்டும் இருக்கும். ஒரே ஒரு புள்ளடி. அந்த ஒரு புள்ளடி இரண்டு வேலை செய்கிறது. உங்கள் வட்டாரத்தில், அதாவது சபை எல்லைக்குள் பிரித்த உங்கள் தேர்தல் பகுதியில், கூடிய வாக்கு எடுத்த கட்சியின் வேட்பாளர் உறுப்பினராகிறார். சபையின் ஆசனங்களில் 60 வீதம் இப்படி வட்டாரத்தால் வருகிறது. மிச்சம் 40 வீதம், சபை எல்லை முழுவதும் ஒவ்வொரு கட்சியும் எடுத்த வாக்கைக் கூட்டி, விகிதாசாரத்தில் பிரிக்கப்படுகிறது. 2018 தேர்தல்தான் இந்தக் கலப்பு முறையில் நடந்த முதல் தேர்தல். சில வட்டாரங்களுக்கு இரண்டு மூன்று உறுப்பினர் உண்டு. அங்கே முன்னுக்கு வருகிற கட்சிக்கே அத்தனை ஆசனமும் போகும்.

ஆகவே "அவன் வெல்லமாட்டான், உன் வாக்கு வீண்" என்று யாராவது படலையில் நின்று சொன்னால் முழுக்க நம்ப வேண்டாம். உங்கள் வட்டாரத்தில் தோற்றாலும் அந்த வாக்கு மற்ற வட்டாரங்களில் அந்தக் கட்சி எடுத்த வாக்கோடு போய்ச் சேருகிறது. ஒரு வட்டாரத்தில் மட்டும் செல்வாக்குள்ள சிறிய சுயேச்சைக்குழு என்றால் நிலைமை வேறு. அவர்கள் அந்த வட்டாரத்தை வெல்ல வேண்டும், இல்லாவிட்டால் மொத்த வாக்கு ஒரு ஆசனத்துக்கும் போதாமல் போகலாம். இதை மனதில் வைத்துக்கொண்டு மிச்சத்தை யோசியுங்கள்.

அடுத்தது, நான் 2018இல் செய்யத் தவறிய வேலை. எந்தப் பிரச்சினை யாருடைய மேசைக்குப் போக வேண்டும் என்று வேட்பாளர் வருவதற்கு முன்பே நாம் தெரிந்துவைத்திருக்க வேண்டும். குப்பை, ஒழுங்கைக் கான், உள் வீதி, தெருவிளக்கு, சந்தை, பொது நூலகம், மயானம், விளையாட்டு மைதானம், கட்டட அனுமதி எல்லாம் சபையின் வேலை. குழாய்த் தண்ணீர் நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையிடம் இருக்கிறது. மின்கம்பியும் கம்பமும் மின்சாரம் வழங்குகிற நிறுவனத்துக்கு உரியவை. காணியும் அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவும் பிரதேச செயலகத்தில். பள்ளிக்கூடங்களில் பெரும்பாலானவை மாகாணத்திடம். பெரிய வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையிடமோ மாகாண வீதித் திணைக்களத்திடமோ இருக்கும். "காணி உறுதி எடுத்துத் தருவேன்" என்று ஒரு வட்டார வேட்பாளர் சொன்னால், ஒன்றில் அவருக்குத் தெரியாது, இல்லையென்றால் உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறார்.

எங்கள் மாவட்டத்தில் பதின்மூன்று சபைகள். நகரத்துக்கு ஒன்று, கிண்ணியா நகருக்கு ஒன்று, மற்றதெல்லாம் பிரதேச சபைகள். பட்டினமும் சூழலும், குச்சவெளி, மூதூர், வெருகல், தம்பலகாமம், கந்தளாய் என்று நீளும். ஒரே வீதியில் இந்தப் பக்க வீடு ஒரு சபையிலும் அந்தப் பக்க வீடு இன்னொன்றிலும் இருக்கும். நீங்கள் எந்தச் சபை, எந்த வட்டாரம் என்பது சரியாகத் தெரியாவிட்டால் கிராம சேவகரிடம் கேளுங்கள். சோலைவரிப் பற்றுச்சீட்டிலும் சபையின் பெயர் இருக்கும்.

அப்புறம் ஒரு கொப்பி. நாற்பது பக்கக் கொப்பி போதும். 2018க்குப் பிறகு நான் வைத்திருக்கிறேன். எந்தத் திகதி வெள்ளம் வந்தது, எவ்வளவு உயரம், எத்தனை நாள் நின்றது, எந்த விளக்கு எத்தனை கிழமை எரியவில்லை, குப்பை டிரக்டர் எந்த நாள் வரவில்லை, யாரிடம் சொன்னோம், அவர் என்ன சொன்னார். தேர்தல் காலத்தில் எல்லோருக்கும் மறதி வந்துவிடும், எனக்கும் வரும். கொப்பிக்கு மறதி இல்லை. உறுப்பினராக இருந்தவர் திரும்பவும் வாக்குக் கேட்டு வந்தால் அவருடைய பதவிக்காலம் முழுவதும் அந்தப் பக்கங்களில் இருக்கும்.

பழைய உறுப்பினரைப் பற்றி இன்னொரு வழியிலும் அறியலாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் சபையின் தகவல் அலுவலரிடம் எழுத்தில் கேட்கலாம். மாதாந்த அமர்வுகளுக்கு யார் யார் வந்தார்கள், கூட்ட அறிக்கையில் எங்கள் வட்டாரத்தைப் பற்றி என்ன இருக்கிறது, எங்கள் வட்டாரத்துக்கு ஒதுக்கிய பணம் எதற்குப் போனது என்று மூன்றே கேள்வி கேட்டேன். பதினான்கு வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். எனக்குக் கிடைத்தது. மேடையில் இடியாய் முழங்குகிற ஒருவர் அமர்வில் ஒரு வருடமாக வாய் திறக்கவில்லை என்பதை அந்தக் காகிதத்தில்தான் பார்த்தேன். கடைசி நேரத்தில் போய்க் கேட்டால் தேர்தலுக்கு முன் கைக்கு வராது. இரண்டு மூன்று மாதம் முன்பே கொடுத்துவிடுங்கள்.

இனி அவர்கள் படலைக்கு வரும்போது. நான் ஒரே ஒரு கேள்வியைத்தான் எல்லோரிடமும் கேட்கிறேன்: "இந்தக் கான் தண்ணி கடைசியில எங்க போய் விழுது?"

2025இல் ஒருவர், "அக்கா, அதெல்லாம் நாங்க வந்த உடன செய்து தருவம்" என்று துண்டுப்பிரசுரத்தை மெஷின் மேல் வைத்துவிட்டு நடந்தார். இன்னொருவர் போன உறுப்பினரைத் திட்டினார், கானைத் திரும்பியும் பார்க்கவில்லை. மூன்றாவதாக வந்தது ஒரு பெண்பிள்ளை, முப்பது வயது இருக்கும். "தெரியாது அக்கா, பாத்திட்டுச் சொல்லுறன்" என்றாள். கூட வந்தவர்கள் அவசரப்படுத்தினார்கள். அவள் செருப்பைக் கழற்றி வேலியோரம் வைத்துவிட்டு, கானோரமாகவே பெரிய வீதி வரைக்கும் நடந்து போனாள். கிளுவைக் கதியால் ஒன்றை முறித்து போக்குக்குள் விட்டுப் பார்த்தாள். தடியில் அரைவாசி மண். இரண்டு நாள் கழித்துத் தனியாக வந்தாள். போக்கு வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு, உள்ளே மண் அடைத்திருக்கிறது, அதற்கு மேலே உள்ள கானைத் துப்புரவாக்குவது சபையின் பொறுப்பு, இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யாவிட்டால் பிரயோசனம் இல்லை, சபையால் கடிதம் போட முடியும், வேலையை அவர்கள்தான் செய்ய வேண்டும் என்று சொன்னாள். செய்து தருவேன் என்று அவள் ஒரு இடத்திலும் சொல்லவில்லை. நான் ஏழு வருடமாகத் தேடிய விடை அந்தப் பிள்ளையின் வாயால் வந்தது.

இப்படி ஒரு கேள்வியை நீங்களும் வைத்திருங்கள், உங்கள் வீட்டு வாசலில் இருக்கிற பிரச்சினையாகவே இருக்கட்டும். மீன் சந்தைக்காரர் கழிவு நீரைப் பற்றிக் கேட்கலாம். நகருக்குள் இருப்பவர்கள் குப்பையைப் பற்றிக் கேட்கலாம்: எடுத்துக்கொண்டு போய் எங்கே போடுவீர்கள், பிரித்துத் தந்தால் பிரித்தே எடுப்பீர்களா? பஸ் நிலையப் பக்கம் திரிகிற புள்ளிமான்கள் ஷொப்பிங் பையை மெல்லுவதைப் பார்த்துக்கொண்டுதான் எல்லோரும் போகிறோம். வருகிற எல்லோரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டால்தான் பதில்களை ஒப்பிடலாம்.

இன்னும் இரண்டு விடயம் கேட்க வேண்டும். விகிதாசாரப் பட்டியலில் இருந்து யாரை அனுப்புவீர்கள்? தேர்தல் முடிந்த பிறகு அந்த ஆசனங்களுக்கு ஆளைக் கட்சிதான் தெரிவுசெய்கிறது, நாங்கள் இல்லை. சபைகளில் 25 வீதம் பெண்கள் என்று சட்டம் சொல்கிறது. அதில் பெரும்பகுதி இந்தப் பட்டியலால்தான் நிரம்புகிறது. பட்டியலில் உள்ள பெண்களின் பெயரைக் கேட்டுப் பாருங்கள். கட்சிக்காரரே தெரியாமல் முழித்தால், அந்தப் பெயர்கள் சட்டத்துக்காகப் போட்டவை. எனக்கு இது சின்ன விடயம் இல்லை. கானும் குப்பையும் தண்ணீரும் பெண்களின் முதுகில்தான் ஏறுகின்றன. அதைப் பேசக்கூடிய ஒருத்தி அமர்வில் இருக்க வேண்டும்.

மற்றது: தவிசாளர் தெரிவில் யாருக்குக் கை உயர்த்துவீர்கள்? ஒரு கட்சிக்கும் அறுதிப் பெரும்பான்மை இல்லாத சபைகள் எத்தனையோ. வாக்கெண்ணி முடிந்த பிறகுதான் பேரம் தொடங்குகிறது. தெளிவாகச் சொல்பவர் யார், "மேலிடம் சொல்லுறபடி" என்பவர் யார் என்று குறித்துக்கொள்ளுங்கள். தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் மூன்று பேரும் இருக்கிற ஊர் இது. மற்ற இரண்டு பேரோடும் இருந்து பேசி ஒரு தீர்மானத்தை நிறைவேற்றத் தெரியாதவரால் எங்கள் ஒழுங்கைக்குக்கூட ஒரு விளக்கு வாங்க முடியாது.

எனக்குப் பெரிய சோதனை ஒன்று தானாகவே கிடைத்தது. 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்தது. அந்த மாதம் 9ஆம் திகதி நடக்க இருந்த தேர்தல் பிற்போடப்பட்டு, 2025 மே 6ஆம் திகதிதான் நடந்தது. இரண்டு வருடத்துக்கு மேல் உறுப்பினர் என்று ஒருவரும் இல்லை. கிழக்கு மாகாண சபையும் 2017இல் கலைந்ததுதான். பதவியும் படியும் இல்லாத அந்தக் காலத்தில், மாரியில், எங்கள் ஒழுங்கைக்கு யார் வந்தது? கொப்பியில் இரண்டு பெயர்தான் இருந்தது. ஒருவர் மீன்பிடிச் சங்கத்துக்காரர், மற்றது அந்தப் பெண்பிள்ளை. டெங்கு பரவிய கிழமை வீடு வீடாகப் போய்ச் சிரட்டை கவிழ்த்தவள் அவள் என்று பக்கத்து வீட்டு மாமி சொல்லித்தான் நினைவு வந்தது.

சாமான் கொடுப்பவர்களைப் பற்றி நீட்டத் தேவையில்லை. அரிசிப் பையோ தறப்பாளோ போத்தலோ கொடுத்து வாக்குக் கேட்பது சட்டப்படி குற்றம். அப்படி வந்தவரின் பெயரை நான் உடனே வெட்டிவிடுவேன், மிச்சம் எவ்வளவு நல்லவராக இருந்தாலும்.

கடைசியில் கஷ்டமான இடம்: ஆள் நல்லவர், கட்சி பிடிக்கவில்லை. அல்லது கட்சி நம்முடையது, ஆள் சரியில்லை. புள்ளடி ஒன்றுதான். இரண்டையும் கொப்பியின் ஒரு பக்கத்தில் எழுதிப் பார்க்கிறேன். ஆளால் எங்கள் வட்டாரத்துக்கு என்ன கிடைக்கும், அந்தக் கட்சி சபையைப் பிடித்தால் முழு ஊருக்கும் என்ன கிடைக்கும். கட்சியின் உள்ளூர்க்காரர்கள் சந்தைக் கடைக் குத்தகையிலும் ஒப்பந்த வேலையிலும் எப்படி நடந்தார்கள் என்பது தெரிந்தால் அதையும் எழுதுவேன். தேசியப் பிரச்சினையை அந்தப் பக்கத்தில் எழுதுவதில்லை. அதற்கு வேறு தேர்தல் இருக்கிறது. எங்கள் வீட்டில் இதில் எனக்கும் அண்ணாவுக்கும் ஒத்துவராது. பரம்பரையாக ஒரே சின்னத்துக்குப் போடுகிற குடும்பம், அதை விடுவது துரோகம் என்பார் அவர். அவருடைய மனவருத்தம் எனக்குப் புரியும். ஆனால் சபையின் வேலை கான் வெட்டுவது, நான் கான் வெட்டத் தெரிந்த ஆளைத்தான் தேடுகிறேன்.

வாக்களிக்கப் போகும்போது தேசிய அடையாள அட்டையை மறக்க வேண்டாம். அது தொலைந்திருந்தால் முன்கூட்டியே கிராம சேவகரிடம் போய் என்ன செய்யலாம் என்று கேளுங்கள். சீட்டு நீளமாக இருக்கும், சின்னங்கள் நெருக்கமாக இருக்கும், கண்ணாடி போடுபவர்கள் போட்டுக்கொண்டு போங்கள். மேலிருந்து கீழே ஒருமுறை முழுதாகப் பார்த்துவிட்டு, உங்கள் சின்னத்துக்கு நேரே உள்ள பெட்டிக்குள் ஒரே ஒரு புள்ளடி. இரண்டு கட்சிக்குப் போட்டால் சீட்டு செல்லாது. மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்ததும் நான் கொப்பியின் புதுப் பக்கத்தில் அன்றைய திகதியைப் போட்டு, போட்டியிட்ட எல்லோருடைய தொலைபேசி இலக்கத்தையும் எழுதிவைத்தேன், தோற்றவர்களுடையதையும்.