அம்மாவின் முட்டிக்கு ஏற்ற சிங்கப்பூர்

மும்பை மாதுங்கா ஸ்டேஷன் மேம்பாலத்தில் அம்மா இரண்டு முறை நின்றாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு, "நீ போ, நான் மெதுவா வர்றேன்" என்றாள். அன்று ராத்திரி எங்கள் சிங்கப்பூர் திட்டத்தை எடுத்துப் பார்த்தேன். காலையில் வடக்கே மண்டாய் மிருகக்காட்சிசாலை, மதியம் தெற்குக் கோடியில் செந்தோசா, ராத்திரி மெரினா பே. அம்மாவால் இது நிச்சயம் முடியாது.

முழுசாகக் கிழித்துப் போட்டு, ஒரு நாளைக்கு ஊரின் ஒரே பகுதி என்று மாற்றினேன். தாவரவியல் பூங்கா காலை 5 மணிக்கே திறந்துவிடும், நுழைவுக் கட்டணமும் கிடையாது. வெயில் ஏறுவதற்குள் அதை முடித்தோம். மதியம் அறையில் தூக்கம். அங்கே இடியும் மழையும் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான், அதனால் எதையும் இழக்கவில்லை. கார்டன்ஸ் பை தி பேயில் விளக்குக் காட்சி 7:45க்கும் 8:45க்கும். முதல் காட்சிக்கே போய் அம்மாவை உட்கார வைத்தேன்.

தங்கியது லிட்டில் இந்தியாவில். வீரமாகாளியம்மன் கோவிலுக்கு அம்மா தனியாகவே நடந்து போய் வந்தாள். எம்ஆர்டி என்கிற அந்த ஊர் மெட்ரோ ரயிலின் ஸ்டேஷன் எல்லாவற்றிலும் லிஃப்ட் இருப்பது பெரிய உபகாரம்.

இன்னொன்று: சிங்கப்பூருக்குள் நுழையத் தேவையான வருகை அட்டையை, போய் இறங்குவதற்கு முன், இறங்கும் நாளோடு சேர்த்து மூன்று நாளுக்குள் அரசு இணையதளத்தில் இலவசமாக நிரப்பலாம். ஓர் ஏஜென்ட் அதற்கும் பணம் கேட்டார், கொடுக்கவில்லை.

மண்டாய் மட்டும் பாக்கி. பையனுக்கு அதில் வருத்தம்தான்.