நடிகர் ஓட்டுக் கேட்டு வந்தால் என்னென்ன பார்க்க வேண்டும்

ஆந்திராவில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய நகரியில் மண்டல ஆபீஸ் (உங்கள் ஊர் தாலுகா ஆபீஸ் மாதிரி) பக்கம் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. ஜெராக்ஸ் என்பது போர்டுக்குத்தான், சோறு போடுவது மனு எழுதும் வேலை. வீட்டில் தமிழ், தறியில் தமிழ், ஆபீசில் மட்டும் தெலுங்கு என்று வாழ்கிறவர்களுக்குத் தெலுங்கில் டைப் அடித்துக் கொடுக்கிறேன். தேர்தல் அறிவித்துவிட்டால் மனு குறைந்து கேள்வி கூடிவிடும். அதில் அடிக்கடி வருவது இது: "யக்கா, சினிமாக்காரங்க நிக்கிறாங்களே, கவர்மென்ட்டப் பத்தி அவங்களுக்கு என்ன தெரியும்? போடலாமா?"

எங்கள் பக்கத்துக்கு இது பழைய கேள்வி. 1983-ல் என்.டி.ஆர். திருப்பதியில் நின்றார். 2009-ல் சிரஞ்சீவியும் அங்கேதான் நின்றார். எங்கள் நகரியில் ரோஜா. 1960-ல் திருத்தணி மதராஸ் பக்கம் போய்விட்டது, நாங்கள் இங்கேயே நின்றுவிட்டோம். அதனால் எம்.ஜி.ஆர்., விஜயகாந்த் கதையெல்லாமும் எங்களுக்கு அத்துப்படி. இரண்டு மாநிலத்துச் சினிமா அரசியலையும் ஒரே டீக்கடையில் உட்கார்ந்து பேசுகிற ஊர் இது. போடலாம், போடாதே என்று நான் யாருக்கும் சொல்வதில்லை. எப்படிப் பார்ப்பது என்பதைச் சொல்கிறேன்.

முதலில் 'அனுபவம் உண்டா' என்ற கேள்வியைத் தூக்கி ஓரமாக வையுங்கள். என்.டி.ஆர். 1982 மார்ச்சில் கட்சி ஆரம்பித்து 1983 ஜனவரியில் முதலமைச்சர் ஆனார். நடுவில் ஒன்பது மாதம்தான். அதற்கு முன் எம்.எல்.ஏ.வாகவோ மந்திரியாகவோ இருந்தவர் இல்லை. ஆனாலும் கிலோ இரண்டு ரூபாய் அரிசி என்று சொன்னார், கொடுத்தார். அவருக்கு அடி விழுந்தது வேறு இடத்தில். 1984 ஆகஸ்டில் அவருடைய அமைச்சரவையிலேயே இருந்த நாதெண்ட்ல பாஸ்கர ராவ் ஆட்சியைப் பிடித்தார். மக்கள் கொதித்ததில் ஒரே மாதத்தில் நாற்காலி திரும்பி வந்தது. 1995-ல் மறுபடியும் போனது, இந்த முறை எடுத்துக்கொண்டவர் மருமகன் சந்திரபாபு நாயுடு. அவர் எங்கள் ஜில்லாக்காரர். 1978-லேயே சந்திரகிரியில் காங்கிரஸ் எம்.எல்.ஏ. ஆகி, சினிமாத் துறைக்கே மந்திரியாகவும் இருந்தவர். அதாவது கோப்பு படிக்கத் தெரியாததால் நடிகர் விழவில்லை. கோப்பை அதிகாரி படித்துச் சொல்லிவிடுவார். பக்கத்தில் நிற்கிறவனைப் படித்துச் சொல்ல எந்த அதிகாரியும் வரமாட்டார். அதனால் வேட்பாளரின் முகத்தைப் பார்ப்பதைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு, வேனில் அவருக்கு வலப்பக்கமும் இடப்பக்கமும் யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள். அதற்கு முந்தைய தேர்தலில் அவர்கள் எந்த வேனில் நின்றார்கள் என்பதையும் விசாரியுங்கள்.

அடுத்தது காகிதம். வேட்புமனுவோடு ஒவ்வொருவரும் படிவம் 26 என்ற பிரமாணப் பத்திரம் கொடுத்தாக வேண்டும். தேர்தல் அதிகாரி ஆபீஸ் நோட்டீஸ் போர்டில் ஒட்டுவார்கள், தேர்தல் ஆணையத்தின் வெப்சைட்டிலும் ஏற்றுவார்கள். வாபஸ் வாங்கும் கடைசி நாளுக்கும் வாக்குப்பதிவுக்கும் நடுவே இரண்டு வாரமாவது இருக்கும். படிக்க அது போதும். எல்லோரும் நேராகச் சொத்துப் பக்கத்துக்குப் போய், எத்தனை கார், எத்தனை சவரன் என்று பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். நடிகரிடம் காரும் நகையும் இல்லாமலா இருக்கும்? நான் பார்க்கச் சொல்வது முதல் பக்கத்தை. அவருடைய ஓட்டு எந்தத் தொகுதியில், வாக்காளர் பட்டியலின் எந்தப் பாகத்தில் இருக்கிறது என்று அதில் இருக்கும். சட்டமன்றத்துக்கு நிற்க அதே மாநிலத்தில் ஏதாவது ஒரு தொகுதியில் ஓட்டு இருந்தால் போதும், நம் தொகுதியில் இருக்க வேண்டியதில்லை. ஹைதராபாத்தில் வீடு, சென்னையில் ஷூட்டிங், நகரியில் போட்டி என்று ஒருவர் வந்தால், நம் மாநிலத்தில் ஓட்டை எந்த ஊரில் வைத்திருக்கிறார் என்பதே அவர் எங்கே கால் ஊன்ற நினைக்கிறார் என்று சொல்லிவிடும்.

அதே பக்கத்தில் போன் நம்பரும் இருக்கும். அடித்துப் பாருங்கள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எடுக்கிறவர் யார், என்ன விஷயம் என்று கேட்கிறாரா, "அண்ணா பிரச்சாரத்துல இருக்காரு" என்று வைத்துவிடுகிறாரா, திரும்ப அழைக்கிறார்களா? ஓட்டுக் கேட்கிற நாளிலேயே போன் இப்படி என்றால், ஜெயித்த பிறகு நடப்பதை நான் சொல்ல வேண்டாம்.

வழக்குப் பகுதியையும், அரசுக்குக் கட்ட வேண்டிய பாக்கி பற்றிய பகுதியையும் படியுங்கள். ஐந்து வருட வருமான வரிக் கணக்கும் அதில் உண்டு. படம் ஓடாமல் வருமானம் இறங்கியபின் அரசியலுக்கு வருகிறாரா, ஏறிக்கொண்டிருக்கும்போதே வருகிறாரா என்பது அந்த ஐந்து எண்ணில் தெரிந்துவிடும். இறங்கிய பின் வந்தால் தப்பு என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் "எல்லாத்தையும் விட்டுட்டு உங்களுக்காக வந்தேன்" என்று மேடையில் சொன்னால் மட்டும் இந்த எண்களை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு தொகுதியில் நிற்கிறாரா? அப்படியென்றால் எந்தத் தொகுதியை வைத்துக்கொள்வீர்கள் என்று நேராகக் கேளுங்கள். 1996-ல் சட்டம் திருத்தியதிலிருந்து இரண்டுக்கு மேல் நிற்க முடியாது. அதற்கு முன், 1985-ல், என்.டி.ஆர். மூன்றில் நின்று மூன்றிலும் ஜெயித்து இந்துப்பூரை வைத்துக்கொண்டார். சிரஞ்சீவி 2009-ல் கோதாவரிப் பக்கம் தன் சொந்த மண்ணான பாலக்கொல்லில் தோற்றார், திருப்பதியில் ஜெயித்தார். 294 இடத்தில் கட்சிக்குக் கிடைத்தது 18. 2011-ல் கட்சியைக் காங்கிரசில் சேர்த்தார், 2012-ல் மாநிலங்களவைக்குப் போனார், திருப்பதிக்கு இடைத்தேர்தல் வந்தது. ஐந்து வருடத்துக்கு என்று போட்ட ஓட்டு மூன்று வருடத்தில் தீர்ந்துபோனது. அவரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை, கட்சி நடத்துவதில் உள்ள கஷ்டம் அவருக்குத்தான் தெரியும். ஆனால் திருப்பதிக்காரர்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி 2009-லேயே இருந்தது.

எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியம், தோற்ற பிறகு என்ன செய்தார் என்பது. கை முறிந்தவன் புத்தூர் கட்டுப் போட்ட பின் எப்போது விரலை அசைக்கிறான் என்று பார்ப்போமே, அப்படிப் பார்க்க வேண்டும். ரோஜா 2004-ல் நகரியில் தோற்றார், 2009-ல் சந்திரகிரியில் தோற்றார். கட்சி மாறினார். 2014-ல் மறுபடி நகரிக்கே வந்து ஆயிரத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் ஜெயித்தார். 2019-லும் ஜெயித்து, 2022-ல் மந்திரியானார். 2024-ல் அதே நகரி அவரைத் தோற்கடித்தது. பவன் கல்யாண் 2019-ல் காஜுவாக்கா, பீமவரம் இரண்டிலும் தோற்றார். கட்சியைக் கலைக்காமல் ஐந்து வருடம் இருந்து, 2024-ல் பிட்டாபுரத்தில் ஜெயித்தார், கட்சி நின்ற 21 இடத்திலும் ஜெயித்தது. கேரளத்தில் சுரேஷ் கோபி திருச்சூரில் 2019-ல் தோற்றார், 2021-ல் அதே ஊரில் சட்டமன்றத்துக்கு நின்று தோற்றார், 2024-ல் எம்.பி. ஆனார். சிவாஜி கணேசன் 1989-ல் திருவையாற்றில் தோற்றதோடு அவர் ஆரம்பித்த கட்சியின் கதை முடிந்தது. ஜெயித்தும் நிற்காதவர் உண்டு. அமிதாப் பச்சன் 1984-ல் அலகாபாத்தில் ஜெயித்து 1987-ல் ராஜினாமா செய்தார்.

இவர்களில் யாருடைய கட்சி நல்ல கட்சி என்ற வம்புக்கு நான் வரவில்லை. ஒரு தடவை தோற்று, மறுபடி அதே ஜனங்களிடம் வந்து நிற்கிறவருக்கு ஊர் கொஞ்சமாவது தெரிந்திருக்கும். எந்த மண்டலத்தில் எத்தனை ஓட்டுக் குறைந்தது, ஏன் குறைந்தது என்று தேடியிருப்பார். அரசு அனுபவம் என்று எல்லோரும் தேடுகிற பொருளில் பாதி அதுதான் என்பது என் கணக்கு. முதல் தடவை நிற்கிறவர் என்றால் இந்தச் சோதனை நடக்காது. அப்போது சின்னப் பொறுப்பு எதிலாவது இருந்திருக்கிறாரா பாருங்கள். மலையாள நடிகர் இன்னசென்ட் 2014-ல் சாலக்குடி எம்.பி. ஆனபோது காமெடியனுக்கு என்ன தெரியும் என்றார்கள். மனிதர் 1979-லேயே இரிஞ்ஞாலக்குடா நகராட்சியில் கவுன்சிலர்!

இனி ஊர்க் கேள்வி. வேட்பாளர் தெருவுக்கு வரும்போது செல்பி எடுக்கிற நேரத்தில் ஒரு கேள்வி கேட்டுவிடலாம். எங்கள் தொகுதிக்கு நான் வைத்திருக்கும் கேள்வி இது. 2022-ல் ஜில்லாக்களைப் பிரித்தபோது நகரி மண்டலம் சித்தூரிலேயே இருந்தது, புத்தூர் மண்டலம் திருப்பதி ஜில்லாவுக்குப் போனது. ஒரே தொகுதி, இரண்டு கலெக்டர். "புத்தூர்க்காரருக்குப் பட்டா பிரச்சினை என்றால் எந்தக் கலெக்டரிடம் பேசுவீர்கள்?" இதற்கு உடனே பதில் வந்தால் நல்லது. "தெரியாது, விசாரிக்கிறேன்" என்றாலும் எனக்குச் சம்மதம். "உங்கள் பிரச்சினை என் பிரச்சினை" என்று பதில் வந்தால் அது வசனம். சாயப்பட்டறைத் தண்ணீர் எங்கே போகிறது, தமிழ் மீடியம் பள்ளிக்கு வாத்தியார் எப்போது வருவார் என்றும் கேட்கலாம். நம்மிடம் தமிழில் பேசி ஓட்டு வாங்குவது சினிமாக்காரருக்குச் சுலபம். அதே தமிழுக்கு ஒரு வாத்தியார் போஸ்ட் வாங்குவதுதான் வேலை.

படத்தில் நடிப்பதை விட்டுவிடுவீர்களா என்ற கேள்வியைப் பெரிதாக்காதீர்கள். பாலகிருஷ்ணா நடித்துக்கொண்டே இந்துப்பூரில் 2014, 2019, 2024 என்று மூன்று தடவை ஜெயித்தார். பவன் கல்யாண் துணை முதலமைச்சராக இருக்கும்போதே படங்கள் வெளிவந்தன. கையில் வந்த துறையில் ஒரு வேலையையாவது பிடித்து முடிக்கிறாரா என்று பாருங்கள். பலமனேர், குப்பம் பக்கம் யானை வயலில் இறங்குவது எங்கள் ஜில்லாவின் பழைய தலைவலி. வனத்துறை பவன் கல்யாணிடம் வந்ததும் 2024 ஆகஸ்டில் பெங்களூர் போய்க் கும்கி யானை கேட்டார், 2025 மே மாதம் கர்நாடகம் நான்கைக் கொடுத்தது. முன் அனுபவம் இல்லாத ஒருவரை எடைபோட எனக்கு இந்த மாதிரித் தகவல் வேண்டும், எத்தனை நாள் கால்ஷீட் கொடுத்தார் என்பது வேண்டாம்.

ஓட்டுப் போட்ட பிறகு ஒரு வேலை பாக்கி இருக்கிறது. யார் ஜெயித்தாலும் முதல் மாதத்திலேயே ஒரு மனு கொடுங்கள். நடிகர் வீட்டு வாசலில் கூட்டம் அதிகம், மனு முதலில் போவது பி.ஏ. கைக்கு. அதனால் இரண்டு காப்பி கொண்டுபோய், ஒன்றில் தேதியும் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள். தர மறுத்தால் ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மனுவில் ஒரு விஷயம்தான். தெருக் குழாயையும் மகன் வேலையையும் ஒரே தாளில் எழுதினால் இரண்டும் நடக்காது. எம்.எல்.ஏ.விடம் கொடுத்தோமே என்று இருந்துவிடாமல், திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் நடக்கும் கிரீவன்ஸ் என்ற குறைதீர் கூட்டத்திலும் ஒன்று போடுங்கள். எம்.எல்.ஏ. கையெழுத்துப் போட்ட காப்பியை அதோடு இணைத்தால் கொஞ்சம் சீக்கிரம் நகரும்.

திருமலை வி.ஐ.பி. பிரேக் தரிசனத்துக்குச் சிபாரிசு லெட்டர் வேண்டுமென்று மட்டும் என் கடைக்கு வராதீர்கள். அது எம்.எல்.ஏ. லெட்டர்பேடில்தான் வர வேண்டும், நான் டைப் அடித்துக் கொடுத்தால் இரண்டு பேரும் ஸ்டேஷனில் உட்கார வேண்டியிருக்கும்.